ஆடி முடியும்வரை

ஆனி 19, புதன்

முருகன் துணை.

பத்தரைக்கே பள்ளிக்கூடத்திலிருந்து போன். தறிக்கு நூல் தார் சுற்றுகிற மிஷினை அப்படியே நிறுத்திவிட்டு ஓடினேன். சஷ்டிகா பக்கத்தில் உட்கார்ந்த பிள்ளையின் தோளைக் கடித்துவிட்டாள். பல் பதிந்த இடம் கன்றிப்போயிருந்தது. அந்தப் பிள்ளையின் அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

வசுமதி மிஸ் தனியாகக் கூப்பிட்டார். "உங்க கஷ்டம் எனக்குப் புரியுதுங்க. ஆனா மத்த பெத்தவங்க எங்களத்தானுங்க கேக்கறாங்க. இது எத்தனையாவது தடவ?" எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்தால் சேலத்திலிருந்து சாரதா அண்ணி, என் வீட்டுக்காரருடைய அக்கா, கோயில் பத்திரிகை வைக்க வந்து உட்கார்ந்திருக்கிறார். விஷயம் ஒளிக்க முடியவில்லை. அண்ணி வீட்டுப் பக்கம் காது கேளாத பிள்ளைகளுக்கென்று ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறதாம், அங்கேயே தங்கிப் படிக்கலாமாம்.

"நாளைக்கே சேத்துன்னுதான் சொல்லுவேன். ஆனா ஆடி பொறக்கப் போவுது. ஆடியில புதுசா ஒண்ணும் தொடங்கக் கூடாது, புள்ளைய வாசப்படி தாண்டி அனுப்பவும் கூடாது. ஆவணி ஒண்ணாந்தேதி நானே வந்து கூட்டிட்டுப் போறேன்."

அவர் "சரிக்கா" என்றார். அவ்வளவுதான். தறி ஓடிக்கொண்டிருந்தது, எழுந்து போய்விட்டார்.

நல்ல பள்ளிக்கூடமாகவே இருக்கலாம். ஆனால் அவளுக்கு ஐந்து வயது. இரண்டு காதும் மந்தம் என்று தெரியவே மூன்றரை வயது ஆகிவிட்டது. போன தை மாதம்தான் காது மிஷின் மாட்டினோம். வாயில் வருவது 'ம்மா', 'ப்பா' இரண்டுதான். ராத்திரி பயந்து எழுந்தால் என் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் மறுபடி தூங்குவாள். அங்கே எதைப் பிடித்துக்கொள்வாள்.

முருகா, ஆடி முடியும்வரை எனக்கு நேரம் கொடுத்திருக்கிறாய். அதற்குள் இவளைக் கொஞ்சம் அடக்கிக் கொடு.

ஆனி 20, வியாழன்

என் கையில் என்ன என்று அவர் கேட்டார். எண்ணெய் தெறித்தது என்றேன். எண்ணெய் இப்படிப் பிறை மாதிரி தெறிக்காது. அவர் அவ்வளவு உற்றுப் பார்க்கிறவர் இல்லை.

ரேஷனில் துவரம்பருப்பு இல்லை.

ஆனி 21, வெள்ளி, அமாவாசை

வெள்ளியும் அமாவாசையும் சேர்ந்து வந்தது. எங்கள் ஊரில் அமாவாசைக்குத் தறி ஓட்டமாட்டார்கள். அவர் தறிக்கெல்லாம் எண்ணெய் விட்டு, சூடம் காட்டிவிட்டுக் கடைவீதிக்குப் போனார். நான் பச்சைத்தண்ணீர் பல்லில் படாமல் சாயங்காலம்வரை விரதம் இருந்தேன்.

முருகன் கண் திறந்தான் என்றே எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை; காலையில் மாட்டிய காது மிஷினை சஷ்டி பொழுது சாயும்வரை கழற்றவில்லை. நூல் தீர்ந்த காலித் தார்க்கட்டைகளை எடுத்துவந்து கோபுரம் மாதிரி அடுக்கி, தள்ளிவிட்டு, விழுகிற சத்தத்துக்குச் சிரித்தாள். திரும்ப அடுக்கினாள். கடி இல்லை, உதை இல்லை, தலையைச் சுவரில் முட்டுவது இல்லை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும் ஒரு கட்டையை என் கையில் கொடுத்தாள்.

விரதம் பலிக்கிறது. இனி செவ்வாயும் வெள்ளியும் இருக்கப்போகிறேன்.

ஆனி 24, திங்கள்

ஈரோட்டுக்குப் பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப்போனேன். பஸ்ஸில் ஒரு பெரியவரின் வேட்டியைப் பிடித்து இழுத்துவிட்டாள். "புள்ளைய நல்லா வளத்திருக்கற போ" என்றார். காதில் மிஷின் இருப்பதை முடியை ஒதுக்கிக் காட்டினேன். பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒவ்வொருவருக்கும் முடியை ஒதுக்கி ஒதுக்கிக் காட்டியே என் காலம் போய்விடும்போல் இருக்கிறது.

பயிற்சி கொடுக்கிற பெனசிர் மேடம் பொறுமைசாலி. குழந்தை குளிக்கும் நேரமும் தூங்கும் நேரமும் தவிர மிஷின் காதில் இருந்தே ஆக வேண்டும் என்று மறுபடி சொன்னார். "போட்டாத்தான் மூளை சத்தத்தைப் பழகும். அவ அழறான்னு நீங்க கழட்டிட்டீங்கன்னா, அழுதா கழட்டிடுவாங்கன்னு கத்துக்குவா."

"விடறதில்லைங்க மேடம். அழுதாலும் விடறதில்லை" என்றேன்.

"வீட்ல சத்தம் அதிகமா? டிவி, ரேடியோ?"

"அதெல்லாம் இல்லைங்க. டிவியே ரிப்பேர். அமைதியான வீடுங்க எங்களது."

எழுதிக்கொண்டார். பிறகு சிரித்தபடியே, "நான் பக்கத்துலதான்மா இருக்கேன், கொஞ்சம் மெதுவாவே பேசலாம்" என்றார். வெட்கமாகப் போய்விட்டது. பட்டிக்காட்டுத் தொண்டை.

மிஷினைத் தினம் சோதிப்பதற்கு ஒரு குழாய் கொடுத்தார்கள் அல்லவா, டாக்டர் கழுத்தில் போட்டிருப்பதுபோல, அதைச் செய்கிறேனா என்றும் கேட்டார். செய்கிறேன். விடிகாலையில் தறி ஓட ஆரம்பிப்பதற்கு முன்னால், விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு, குழாயைக் காதில் மாட்டி மறுமுனையை மிஷினில் வைத்து 'முருகா' என்று சொல்லிக் கேட்கிறேன். கணீரென்று வரும். மிஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது, நிசப்தமான நேரத்தில் சோதிக்கவும் என்று. என்னை எட்டாவதோடு நிறுத்தினார்கள். ஆனாலும் அந்தப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்திருக்கிறேன்.

ஆனி 29, சனி

ஒரு பக்கத்து மிஷினைக் காணவில்லை. அடுப்படி, பாய், வீட்டுக்குப் பின்னால் பொடக்காலி எல்லாம் தேடி, கடைசியில் அரிசி டப்பாவுக்குள் கிடந்தது. வேண்டுமென்றே ஆழப் புதைத்திருக்கிறாள். இரண்டையும் நைலான் கயிறு கட்டிச் சட்டைக் காலரில் தைத்துவிட்டேன்.

அவள் கையையும் கொஞ்ச நேரம்.

அவள் கன்னத்தில் என்ன தடிப்பு என்று வசுமதி மிஸ் திங்கட்கிழமை கேட்பார். கொசு என்று சொல்லலாம்.

ஆடி 1, புதன்

வாசலில் வேப்பிலை கட்டினேன். தீபாவளிச் சரக்குக்கு இப்போதே ஆர்டர் வந்துவிட்டது. நான்கு விசைத்தறியும் இருட்டோடு ஆரம்பித்து இரவு சாப்பாட்டுக்குத்தான் நிற்கின்றன. தறிப்பட்டறைக்கும் நாங்கள் இருக்கிற இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். தார் சுற்றுவது என் வேலை. அதனால் சஷ்டியைக் கூடவே பட்டறையில் உட்காரவைத்துக்கொள்கிறேன், கண்ணிலிருந்து விடாமல்.

ஆடி முழுக்கச் செய்யவேண்டியவற்றை வரிசைப்படுத்தி எழுதி சாமி படத்துக்குப் பின்னால் ஒட்டினேன். செவ்வாய் விரதம், வெள்ளி விரதம், மாரியம்மனுக்குக் கூழ், பண்ணாரி அம்மனுக்கு உப்பு, பழனிக்கு முடிகாணிக்கை. ஒன்று தப்பினாலும் பலன் கணக்கில் வராது.

அவரிடம் பின்னாலிருந்து நான்கு முறை கூப்பிட்டு இதைச் சொல்லப்போனேன். திரும்பவே இல்லை. கல்யாணமான புதிதில் ஒரு கூப்பாட்டுக்கு ஓடிவருவார். இப்போது என் குரல் அவருக்குக் காற்று. முன்னால் போய் நின்று கையை ஆட்டினால்தான், "என்ன?" என்கிறார். அந்த 'என்ன'வும் ஊருக்கே கேட்கும்.

"இருக்கற வேலைல பழனி ஒண்ணுதான் கொற" என்றார்.

ஆடி 3, வெள்ளி

முதல் வெள்ளி. முழு விரதம். கூழ் காய்ச்சி ஊற்றினேன். ஒரு குறை வைக்கவில்லை.

இன்றுபோல் மோசமான நாள் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து பட்டறையில் தரையில் விழுந்து புரண்டாள். காதோடு சேர்த்துத் தலையில் அடித்துக்கொள்கிறாள். கழற்றக் கூடாது என்று மேடம் சொல்லியிருக்கிறாரே. நான் கழற்றவில்லை. பிடித்துக்கொண்டேன். பிடித்துக்கொண்டே கவசம் முழுவதும் சொல்லி முடித்தேன். கடைசியில் அழுது ஓய்ந்து என் மடியிலேயே தூங்கினாள். தூக்கத்திலும் விசும்பல்.

கூழில் உப்பு குறைந்துவிட்டதோ.

ஆடி 8, புதன்

கணக்கு உதைக்கிறது.

நேற்றிலிருந்து எனக்குத் தூரம். விளக்கேற்றவில்லை, சாமி படத்தின் பக்கமே போகவில்லை, பசிக்கிறது என்று காலையிலேயே பழையதைத் தின்றேன். காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம்வரை கரண்ட் இல்லை, மாதம் ஒருமுறை லைன் வேலை பார்க்க நிறுத்துகிற நாள். பள்ளிக்கூடத்திலும் ஏதோ கூட்டம் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் பிள்ளை தங்கம். வியர்த்து ஒழுகுகிறது, விசிறி இல்லை, அப்படியும் மிஷினைத் தொடவில்லை. பொடக்காலிக் குழாயில் சொட்டுகிற தண்ணீருக்கு அடியில் விதவிதமாகப் பாத்திரம் வைத்து வைத்துக் காதைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஈயச் சட்டியை வைத்தபோது என்னைத் திரும்பிப் பார்த்தாள், கேட்டாயா என்பதுபோல.

விரதம் இருந்த வெள்ளியில் பேயாட்டம். தீட்டோடு பழையது தின்ற புதனில் பொன்னாட்டம் இருக்கிறாள். அமாவாசைக்கு நான் இருந்த விரதத்துக்கு என்ன அர்த்தம்? முருகா, உனக்குக் கோபமா, இல்லை நான் கும்பிடாமல் இருந்தால்தான் உனக்கு நிம்மதியா? யாரிடம் கேட்பது இதை.

ஆடி 12, ஞாயிறு

பகல் பன்னிரண்டுக்கு நான்கு தறியும் ஒரே நேரத்தில் நின்றன. கரண்ட் போய்விட்டது என்று அவர் வெளியே வந்தார். எதிர் வீட்டில் விசிறி சுற்றுகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் சஷ்டி ஸ்டூல் போட்டு ஏறி, மெயின் சுவிட்சின் கைப்பிடியைக் கீழே இழுத்துவிட்டு, அதிலேயே தொங்கிக்கொண்டு நிற்கிறாள்.

ஓடிப்போய் அவளைத் தூக்கி இறக்கினேன். கரண்ட் பெட்டி, ஈரக்கை. அவருக்கு வேறு வயிற்றெரிச்சல். ஓடுகிற தறி சட்டென்று நின்றால் துணியில் கோடு விழும். நான்கு துணியிலும் கோடு.

"இத்தன நாள் ஊர்ப் புள்ளைகளக் கடிச்சா. இப்ப சோத்துலயே கைய வெக்கறா" என்று அடிக்கக் கை ஓங்கினார். நான் நடுவில் போய் நின்றேன். என்மேல்தான் பட்டது. அவருக்கும் உடனே முகம் செத்துவிட்டது. "உன்ன அடிக்கலீடி" என்று சொல்லிக்கொண்டே போய் சுவிட்சைப் போட்டார்.

தறி ஓட ஆரம்பித்ததும் சஷ்டி ஸ்டூலைப் பார்த்து ஓடினாள். பிடித்துக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை, குறும்பு செய்கிற முகமும் இல்லை அது. அது என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை.

ஆடி 13, திங்கள்

மெயின் சுவிட்சுக்குத் தகரப்பெட்டி செய்து பூட்டுப் போட்டுவிட்டார்.

ஆடி 18, சனி

ஆடிப்பெருக்கு, எங்கள் ஊரில் ஆடி நோம்பி. தறிக்கு லீவு. காவேரிக்குப் போனோம். ஊரே ஆற்றில் இருந்தது. காப்பரிசி, காதோலை கருகமணி எல்லாம் முறைப்படி விட்டு, மஞ்சள் கயிறு மாற்றிக்கொண்டேன்.

கட்டுகிற நேரம் பார்த்துப் பின்னால் உறுமி மேளம் வந்தது. சஷ்டி அலறிக்கொண்டு தண்ணீரை நோக்கி ஓடினாள். யாரோ ஒரு அம்மாள் முந்தானையைப் போட்டுப் பிடித்தார்கள். அந்த அம்மாள் கையையும் கடித்துவிட்டாள். "இப்பிடிப்பட்ட புள்ளைய ஏன் கூட்டத்துக்குக் கொண்டாரீங்க?" என்று கேட்டார்கள். நான் முடியை ஒதுக்கிக் காட்டவில்லை. சலித்துவிட்டது.

அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஏறிவிட்டார். திரும்பி வரும்போது, "ஆவணி பொறக்கட்டும்" என்றார்.

ஆடி 19, ஞாயிறு, ஆடி அமாவாசை

விரதம் இருந்தேன், ஆனால் எதிர்பார்ப்பில்லாமல்.

தறி லீவு. பிள்ளை நாள் முழுக்கத் தார்க்கட்டைக் கோபுரம். மிஷின் காதில். கடி இல்லை.

சாரதா அண்ணி போன் செய்தார். தகரப் பெட்டி ஒன்று, தட்டு டம்ளர், ஆறு ஜோடித் துணி, எல்லாவற்றிலும் பெயர் எழுதவேண்டுமாம். அவர் கடைவீதியிலிருந்து பெட்டி வாங்கிவந்தார். நீல நிறம். சஷ்டி உடனே அதற்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு, மூடச் சொல்லிக் கை காட்டினாள். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

ஆடி 23, வியாழன்

பள்ளிக்கூடத்திலிருந்து மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். கடிக்கவில்லை, ஆனால் மேசைக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு வரமாட்டேன் என்கிறாளாம். "தூக்கமே இல்லாத புள்ளையாட்ட இருக்கறாங்க" என்றார் வசுமதி மிஸ்.

பட்டறையில் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுத் தார் சுற்றினேன். இன்று அவள் புரளவில்லை. சுவரோரமாகச் சுருண்டு, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தாள். கூப்பிட்டேன், தட்டினேன், அசையவில்லை. இவ்வளவு அடங்கிப்போனதே எனக்குப் பயமாக இருந்தது. மிஷின் பேட்டரி தீர்ந்துவிட்டதோ என்று அவள் காதிலிருந்து கழற்றி, குழாயை எடுத்து வந்து அங்கேயே உட்கார்ந்து மாட்டினேன்.

இதை எப்படி எழுதுவது. முதலில் தறிச் சத்தம் என்றே தெரியவில்லை. தகரக் கூரைமேல் லாரி லாரியாகக் கல்லைக் கொட்டுவதுபோல, அதுவும் நிற்காமல், மூச்சு விட இடைவெளி இல்லாமல். பல் கூசியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குழாயைப் பிடுங்கி எறிந்தேன். எறிந்த பிறகும் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தால் சஷ்டி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மெதுவாக எழுந்து வந்தாள். நான் எறிந்த குழாயை எடுத்தாள், என்னிடம் தரவில்லை, கொண்டுபோய்த் தார்க்கூடைக்குள் போட்டு மேலே கட்டைகளைப் போட்டு மூடினாள்.

வீட்டில் சத்தம் உண்டா என்று பெனசிர் மேடம் கேட்டபோது இல்லை என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை. தறிச் சத்தத்தை நாங்கள் யாரும் சத்தம் என்று நினைத்ததே இல்லை. அது நின்றால்தான் எங்களுக்குக் காதில் விழும். நான் விடிகாலை அமைதியில் 'முருகா' சொல்லிச் சோதித்து, நன்றாகத்தான் இருக்கிறது என்று அவள் காதில் மாட்டி, கயிறு போட்டுத் தைத்து, கொண்டுபோய்த் தறிப் பக்கத்திலேயே உட்காரவைத்திருக்கிறேன்.

அழுதாலும் விடுவதில்லை என்று பெருமையாகவும் சொல்லியிருக்கிறேன்.

காலர்த் தையலைப் பிரித்தேன். நைலான் கயிற்றை அடுப்பில் போட்டேன்.

சில நாட்களை இதில் முழுதாக எழுதாமல் விட்டிருக்கிறேன். ஏன் என்று முருகனுக்குத் தெரியும்.

ஆடி 24, வெள்ளி

விரதம் இல்லை. காலையில் மூன்று இட்லி சாப்பிட்டேன்.

அவரைத் தறி ஓடும்போதே பிடித்து உட்காரவைத்துக் குழாயை மாட்டினேன். ஒரு நிமிஷம் கேட்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நல்லாத்தான கேக்குது. தறி ஓடுது. இதுக்கென்ன?"

"இதுக்கென்னவா? உங்களுக்குப் பல்லு கூசலையா?"

"என்ன?"

"பல்லு கூசலையான்னு கேட்டனுங்க."

"பழகிருச்சுனா ஒண்ணுந் தெரியாது. அவளும் பழகிக்கோணும். தறிக்காரன் புள்ளதான அவ."

கோபத்தில் குழாயைச் சுருட்டி வைத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் தோன்றியது. எனக்குப் பொறுக்கவில்லை, அவருக்கு ஏன் ஒன்றும் இல்லை?

பதினாறு வயதில் தறியில் நின்ற மனிதர். போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுகிறவர். கோயிலில் எல்லோரும் எழுந்த பிறகு எழுகிறவர். நான் கூப்பிட்டால் திரும்பாதவர்.

திங்கட்கிழமை இவரையும் ஈரோட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

ஆடி 27, திங்கள்

அவரை வம்பு செய்து ஈரோட்டுக்குக் கூட்டிப்போனேன். கையெழுத்துப் போட அப்பா வரவேண்டும் என்று சொன்னேன். அது பொய்தான்.

பெனசிர் மேடத்திடம் தறி விஷயத்தைச் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டார். "நான் டிவி, ரேடியோன்னு கேட்டேன். தறி இருக்கான்னு கேட்கல பாருங்க" என்றார். தறி ஓடும்போது மிஷின் வேண்டாம், அவள் பட்டறைப் பக்கமே இருக்க வேண்டாம். தறி இல்லாத அமைதியில் தினம் சில மணி நேரமாவது மிஷினோடு அவளிடம் பேச வேண்டும். வேண்டாம் என்பதற்கும் போதும் என்பதற்கும் கையால் காட்டக் கற்றுக்கொடுங்கள், சொல்ல வழி இருந்தால் கடிப்பது குறையும், ஆனால் ஒரே நாளில் மாறாது என்று சொன்னார். சேலத்துப் பள்ளிக்கூடம் பற்றியும் கேட்டேன். "நல்ல பள்ளிக்கூடம்தான். பெரியவளானதும் அவளே ஆசைப்பட்டுப் போகலாம். இப்ப அவளுக்கு வேண்டியது சத்தமில்லாத ஒரு வீடு."

"எங்களுக்குத் தறியே வீடுங்க" என்றார் அவர்.

பிறகு சத்தம் புகாத அறையில், மிஷின் போட்டபடியே, சஷ்டிக்குச் சோதனை. அவளை அப்பா மடியில் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் ஒரு மரமணியை டப்பாவில் போடவேண்டும் என்று காட்டிக்கொடுத்தார்கள். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் மேடத்தோடு நின்றேன். மேடம் பொத்தானை அழுத்துகிறார், சஷ்டி மணியைப் போடுகிறாள். அழுத்துகிறார், போடுகிறாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அவர் முகத்தைப் பார்த்தேன். சஷ்டி ஒவ்வொரு முறை மணியைப் போடும்போதும் கூரையைப் பார்க்கிறார், மூலையைப் பார்க்கிறார், அவளைப் பார்க்கிறார். கதவைத் திறந்ததும் மேடத்திடம் கேட்டார்: "ஏனுங்க, புள்ள சும்மா வெளையாட்டுக்குப் போடுது பாருங்க. சத்தமே வல்லியே?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நீங்க கொஞ்சம் உள்ள உக்காருங்க சார். உங்களுக்கும் ஒரு தடவ பாத்துடலாம்" என்றார்.

பஸ்ஸில் வரும்போது அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார். சஷ்டி அவர் மடியில். அவருடைய காதுச் சோதனை முடிவு எழுதிய தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். பவானி பாலம் தாண்டும்போது சஷ்டி தண்ணீரைக் காட்டினாள். அவர் அவள் காட்டிய பக்கம் பார்க்காமல் அவள் காதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆடி 29, புதன்

பேசவில்லை. சாப்பிட்டார், தறி ஓட்டினார், படுத்தார். நீலப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. துணியில் பெயர் எழுதவா வேண்டாமா என்று கேட்காமலே மூன்று துணிக்கு எழுதி வைத்தேன்.

பக்கத்து வீட்டு அக்கா கன்னத்தைக் கிள்ளியதற்கு சஷ்டி அதைக் கடிக்கப்போய், கடிப்பதற்கு முன் நின்று, 'போதும்' என்று கையைக் காட்டினாள். அந்த அக்கா அது புரியாமல் மறுபடி கன்னத்தைக் கிள்ளியது. பிறகு கடித்துவிட்டாள். இதை நல்ல நாள் என்று எழுதுவதா கெட்ட நாள் என்று எழுதுவதா தெரியவில்லை.

ஆடி 31, வெள்ளி

சாரதா அண்ணி சாயங்காலம் வந்து இறங்கினார். காலை ஆறு மணி பஸ்ஸில் கிளம்புவதாக ஏற்பாடு.

சாப்பிடும்போது அவர் பேசினார். "பாப்பா வல்லக்கா."

"என்னடா இது, பெட்டியெல்லாம் வாங்கியாச்சு?"

"பெட்டி கெடக்கட்டும். சாயங்காலம் பள்ளிக்கோடம் விட்டு வந்தா ஏழு மணி வரைக்கும் தறி நிக்கும். லீவு நாள்ல மத்தியானமும் நிக்கும். வெள்ளன எந்திரிச்சு ஓட்டிக்கறேன்."

"தீபாவளி ஆர்டர வெச்சுக்கிட்டு ஆராச்சும் தறிய நிறுத்துவாங்களா? பைத்தியமா உனக்கு? மொதலாளி நூல் பாவு குடுக்கறத நிறுத்திப்போட்டா?"

"பேசிட்டேன். முணுமுணுங்கறாரு. பாக்கலாம்."

"ஒரு புள்ளைக்காக, காது கேக்காத புள்ளைக்காக..."

அண்ணி மெதுவாகத்தான் சொன்னார், கீழே பார்த்தபடி. அவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். சட்டைப்பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து அண்ணியின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"எனக்குந்தான் காது கேக்கலயாம். என்னையும் ஆஸ்டல்ல சேத்தி உடறயா?"

அண்ணி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்கத் தெரியாது. தண்ணீர் குடித்தார். பிறகு என்னிடம், "ரசம் இருக்குதா?" என்று கேட்டார். ஊற்றினேன்.

ஆவணி 1, சனி

அண்ணி ஆறு மணி பஸ்ஸுக்குத் தனியாகப் போனார். போகும்போது சஷ்டி கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். பிரிக்காமல் அதைக் குலுக்கிக் குலுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முருகனிடம் ஒரு வார்த்தை. நான் கட்டியிருந்த வேண்டுதல்கள் எல்லாம் அப்படியே பாக்கி இருக்கின்றன. தள்ளுபடி கேட்கவில்லை, ஒவ்வொன்றாய்ச் செய்துவிடுகிறேன். ஆனால் எதைச் செய்ததால் எது நடந்தது என்று இனி முடிச்சுப் போடமாட்டேன்.

மத்தியானம் அவர் சுவிட்சுத் தகரப்பெட்டியின் பூட்டைத் திறந்து, தறிகளை ஒவ்வொன்றாக நிதானமாக நிறுத்திவிட்டு, கடைசியில் மெயின் சுவிட்சை இறக்கினார். சஷ்டி வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கை இறங்கியதும் அவரைப் பார்த்தாள். தானே போய் ஜன்னல் மேலிருந்த டப்பாவை எடுத்துவந்து என்னிடம் நீட்டினாள். மிஷின் டப்பா. மாட்டிவிட்டேன். எத்தனை நேரம் வைத்திருப்பாள் என்று தெரியாது. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து போன் வராது என்றும் சொல்ல முடியாது. முதலாளி சாயங்காலம் ஆள் அனுப்புவார் என்று வேறு சொன்னார்கள்.

அப்பாவும் பெண்ணும் பட்டறையில் நின்றுபோன தறிக்குக் கீழே உட்கார்ந்து தார்க்கட்டை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் அடுப்படியில் தாளித்துக்கொண்டிருந்தேன். கறிவேப்பிலை இல்லை. வாங்கிவரச் சொல்லலாம் என்று, "ஏனுங்க" என்று கூப்பிட்டேன். கத்தவில்லை. வீடு அவ்வளவு அமைதியாக இருந்தது, எனக்கே கத்த மனம் வரவில்லை.

அவர் முதுகு அசையவில்லை.

சஷ்டி திரும்பினாள். என்னைப் பார்த்தாள். பிறகு கையிலிருந்த கட்டையைக் கீழே வைத்துவிட்டு, அவர் முழங்காலைத் தட்டி, என் பக்கம் கையைக் காட்டினாள்.